கைப்பையில் பாஸ்போர்ட், மேசையில் கஞ்சி

அந்த ஞாயிற்றுக்கிழமை பிலிப்பினோ சாப்பாடு சாப்பிடப் போனபோது என் கைப்பையில் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது. அது அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜெண்ட் அலுவலகத்தில் இருப்பதாக ஐந்து நாள் முன்புதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவள் மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டில் எட்டு வருடமாக என் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள். மணிலாவிலிருந்து இன்னும் பத்து மணி நேரம் பேருந்தில் போக வேண்டிய ஒரு ஊர்க்காரி. எங்கள் செட்டியார் வீட்டு வழக்கப்படி அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம். அவளும் ஆத்தா என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வருடம். வலது பக்கம் அசையாது, பேச்சு நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. கடைசி இரண்டு வருடமாக அவள் கையால் ஊட்டினால்தான் வாயே திறப்பார். நான் ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வார். நான் தனிக்கட்டை, பள்ளிக்கூட வேலைக்கும் போகிறவள். அவள் போய்விட்டால் என் கதி என்ன என்பதை யோசித்தாலே எனக்குக் கை கால் ஓடாது.

ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை மீன் ஆய்ந்துகொண்டே, "மேம், பாஸ்போர்ட் குடுங்க. என் மகளுக்குப் பிள்ள பொறக்கப் போகுது. நான் ஊருக்குப் போகணும்" என்றாள். லீவா, நிரந்தரமாகவா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. "ஏஜெண்ட்கிட்ட இருக்கு, பாக்கறேன்" என்று பூசி மெழுகினேன். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருடமாக வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவள் நான்.

பாஸ்போர்ட் ஆத்தாவின் அலமாரியில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருந்தது. வேலைக்காரியின் பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைப்பது சட்டப்படி குற்றம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் எல்லாரும் செய்கிறார்கள் என்பதும் தெரியும். பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்வோம். போனில் கேட்டபோது ஏஜெண்ட், "பாஸ்போர்ட் நம்ம கையில இருந்தா பயப்படாதீங்க ஆன்டி. திங்கக்கிழமை கொண்டாங்க, மத்தத நான் பேசிக்கறேன் லா" என்றார்.

அலமாரிச் சாவி ஆத்தாவின் உள்பாவாடை நாடாவில் முடிச்சுப் போட்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பேச்சு போன பிறகும் இடது கையால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை காலை அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து அந்த முடிச்சை அவிழ்த்தேன். ஆத்தா இடது கையால் என் கையில் ஓங்கி அடித்தார். பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுவிட்டு, சாவியைத் திரும்பவும் எப்படியோ கட்டினேன். என் அம்மா வீட்டிலேயே திருடுகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் அவள், "மேம், நாளைக்கு என்கூட சாப்பிட வாங்க. நான் பெலாஞ்சா" என்றாள். தன் செலவில் விருந்து என்கிறாள். எட்டு வருடத்தில் இது முதல் தடவை. பேச்சை ஆரம்பிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிந்தது. பிரிக்பீல்ட்ஸுக்குப் போகலாமே, வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே நாங்கள் வழக்கமாகப் போகிற கடையில் முதலாளியிலிருந்து பரிமாறுகிறவர் வரைக்கும் என்னைத் தெரியும். நான் கொஞ்சம் உயரமாக உட்கார்ந்து பேசலாம். அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் மேம். நாளைக்கு என் எடம்."

ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து தம்பி வந்தான். வரும்போதே முகம் சுளித்திருந்தது. "ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க ஆச்சி. எனக்கு வேற வேல இருக்கு" என்றான். அக்காவை ஆச்சி என்பது எங்கள் வழக்கம். அடுப்பில் கஞ்சி இருப்பதைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். அவள் வழக்கம்போல் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். முன்னால் வா என்று நான் சொல்லவில்லை. கோலாலம்பூருக்குக் காரை விட்டேன்.

பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடி அது. படியேறியதும் எனக்குத் திகைப்பாக இருந்தது. எங்கு பார்த்தாலும் அவள் ஊர்ப் பெண்கள். கூந்தலை விரித்துப் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, சத்தமாகச் சிரித்துக்கொண்டு, ஊருக்குப் பார்சல் கட்டிக்கொண்டு. வாரம் முழுக்க யார் வீட்டிலோ பாத்திரம் கழுவுகிறவர்கள் என்று சொன்னால் நம்ப முடியாது. சாப்பாட்டுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கறிகள். விரலைக் காட்டினால் அள்ளி வைக்கிறார்கள். கல்லாவில் இருந்த அம்மாளிடம் அவள் ஏதோ சொல்ல, இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று சுருக்கென்றது.

ஒரு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அவளோடு ஒரே மேசையில் நான் சாப்பிட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு எத்தனையோ தடவை அவளும் வந்திருக்கிறாள். நாங்கள் இலை முன்னால் உட்கார்வோம். அவள் ஆத்தாவின் சக்கர நாற்காலியைப் பக்கத்து மேசையில் நிறுத்தி ஊட்டுவாள். நாங்கள் கை கழுவி மோர் குடிக்கும்போதுதான் அவள் முதல் கவளம் எடுப்பாள். அதில் எதுவும் தப்பாக எனக்குத் தோன்றியதில்லை.

"சாப்பிடுங்க மேம்."

கோழி அடோபோ. சோயாவிலும் வினிகரிலும் வெந்து, முழு மிளகும் பிரியாணி இலையும் மிதக்க, கருத்துப் பளபளவென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் சினிகாங் என்று ஒரு மீன் சூப். தக்காளி, முள்ளங்கி, காங்கோங் கீரை எல்லாம் கிடந்தன. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் புளி சுள்ளென்று ஏறியது. புளி ரசத்தில் மீனைப் போட்டு, மிளகாயை மறந்த மாதிரி. பிடித்திருந்தது. இருந்த பதற்றத்திலும் நாக்கு அதன் பாட்டுக்கு ருசி பார்த்தது எனக்கே எரிச்சலாக இருந்தது. கைப்பையை மடியிலேயே வைத்திருந்தேன். வேறெங்கும் வைக்க மனம் வரவில்லை.

"உன் மக எப்படி இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்கா மேம். இன்னும் ஒன்றர மாசம்."

"ரெண்டு வாரம் லீவு குடுத்தா போதுமில்ல?"

அவள் என் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தாள்.   அப்போது பார்த்துத் தம்பியின் போன்.

"ஆச்சி, ஆத்தா கஞ்சியத் துப்பிட்டாங்க. ரெண்டு தடவ. சேலையெல்லாம் ஊத்திக்கிச்சு. எப்ப வரீங்க?"

"வரேன்டா. கொஞ்சம் ஆறவச்சுக் குடு."

"ஆறவச்சாச்சு. வாயையே தொறக்க மாட்றாங்க."

போனை வைத்தபோது என் முகத்தில் ஈயாடவில்லை.  அவளுக்குச் சொல்லத் தேவை இல்லை. எழுந்து போய் ஒரு கிண்ணம் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். குழைந்த அரிசிக் கஞ்சி. மேலே பிய்த்துப் போட்ட கோழி, பொன்னிறமாக வறுத்த பூண்டு, பாதி முட்டை. பக்கத்தில் இருந்த கஸ்தூரி எலுமிச்சையை அவளே பிழிந்தாள்.

"இத சாப்பிடுங்க."

இஞ்சி மணம் மூக்கைத் துளைத்தது. ஒரு கரண்டி எடுத்தேன். சூடும் இஞ்சியும் தொண்டையில் இறங்கின, பின்னாலேயே எலுமிச்சைப் புளிப்பு. நன்றாக இருந்தது. "என்ன இது?" என்றேன்.

"ஆத்தா கஞ்சி."

எனக்கு விளங்கவில்லை.

"என் ஊர் கஞ்சி, மேம். ரெண்டு வருஷமா ஆத்தா இததான் சாப்பிடறாங்க. ஆத்தாக்கு மட்டும் நல்லா மசிச்சு, பூண்டு போடாம. உங்க கஞ்சி அவங்களுக்குப் பிடிக்கல."

எங்கள் வீட்டு நொய்க்கஞ்சியைத்தான் அவள் ஊட்டுகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் அடுப்பில் வைத்துவிட்டு வந்ததும் அதைத்தான். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன், வகுப்பில் கேட்கிற குரலில்.

"நீங்க ஸ்கூல் விட்டு வருவீங்க. 'ஆத்தா சாப்டாங்களா'ன்னு கேப்பீங்க. 'சாப்டாங்க'ன்னு சொல்வேன். என்ன சாப்டாங்கன்னு நீங்க கேட்டதில்ல."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் போனா நீங்கதான் செய்யணும். ருசி தெரியாம எப்படிச் செய்வீங்க? அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

ஆக, போகிறாள். லீவுக்கு இல்லை. எட்டு வருடம் நான் பயந்த வார்த்தை ஒரு கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சாதாரணமாக வந்து விழுந்தது. ஆத்தா பட்டினி கிடப்பதும், நான் வேலையை விடுவதும், தம்பி முகம் சுளிப்பதும் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தன. பயத்தில் மனுஷிக்கு இருக்கும் சின்னப் புத்தியெல்லாம் மேலே வந்துவிடுகிறது.

"எப்படிப் போவ? பாஸ்போர்ட்தான் ஏஜெண்ட்கிட்ட இருக்கே" என்றேன்.

அவள் என் மடியைப் பார்த்தாள்.

"பேக்ல இருக்கு, மேம்."

என் இரண்டு கையும் தானாகக் கைப்பையை இறுக்கின. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"நேத்து மத்தியானம் ஆத்தாவக் குளிப்பாட்டினேன். நாடாவில இருந்த முடிச்சு என் முடிச்சு இல்ல. நான் ரெண்டு சுத்து சுத்தி உள்ள விடுவேன். அது வேற மாதிரி. உடனே அலமாரியத் தெறந்து பாத்தேன். பட்டுச்சேலைக்குக் கீழ இல்ல."

"நீ அலமாரியத் தெறப்பியா?"

"ஆத்தா படுத்ததுலேருந்து அஞ்சு வருஷம், மேம். சேலை கட்டி விடறது யாரு? சாவி தினம் ரெண்டு தடவ என் கையில."

பக்கத்து மேசையில் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள்.  எட்டு வருடமாக நான் பூட்டி வைத்திருந்ததாக நினைத்தேன். ஐந்து வருடமாகச் சாவியைத் தினமும் அவளே அவிழ்த்து, அவளே கட்டியிருக்கிறாள்.

"அப்ப எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றேன். 

"எடுத்தா நான் ஓடிப்போன மெய்ட். போலீஸ் தேடும். ஆத்தா காலையில எந்திரிச்சு என்னத் தேடுவாங்க." என் முன்னால் இருந்த தட்டை ஓரமாக நகர்த்தினாள். "நீங்க குடுங்க, மேம். குடுத்தா நான் நல்லபடியா வீட்டுக்குப் போவேன்."

கைப்பை ஜிப் பாதியில் சிக்கியது. இழுத்துத் திறந்து, பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தேன். அவள் இரண்டு கையையும் காகிதத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு அதை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள், தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், மூடினாள். அவள் விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்த பிறகுதான், அவளும் என்னைப் போலவே காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள் என்று தெரிந்தது. வெட்கத்தில் என் முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை.

"கஞ்சி ஆறுது மேம்" என்றாள்.

சாப்பிட்டேன். கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டேன். ஆத்தாவுக்கு ஒரு கிண்ணம் பூண்டில்லாமல் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பணம் கொடுக்கப் போன என்னை முறைத்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். காரில் முன்கதவைத் திறந்து விட்டேன். அவள் பின்சீட்டிலேயே ஏறி, சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது இரண்டரை. தம்பி தன் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் பொட்டலத்தைப் பிரித்து, மசித்து, ஊதி ஊதி ஊட்டினாள். ஆத்தா குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார். பாதியில் கரண்டியை என்னிடம் கொடுத்தாள். நானும் ஊதினேன். ஆத்தா கரண்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உதட்டை இறுக்கிக்கொண்டார். கரண்டி திரும்ப அவளிடம் போனது.

சாயங்காலம் ஆத்தாவுக்குச் சேலை மாற்றும்போது என்னைக் கூப்பிட்டாள். சாவி கோத்த நாடாவை என் கையில் கொடுத்து, "இனிமே நீங்க கட்டுங்க. ரெண்டு சுத்து, அப்புறம் உள்ள. லூசா இருந்தா ஆத்தா பயப்படுவாங்க" என்றாள்.

கட்டினேன். ஆத்தாவின் இடது கை மெதுவாக வந்து முடிச்சைத் தடவிப் பார்த்தது. பிறகு ஒரே இழுப்பில் அதை அவிழ்த்துவிட்டது.

"இன்னொரு தடவ, மேம்" என்றாள் அவள்.

அவள் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. நாடாவை எடுத்து மறுபடி கட்டினேன்.