குண்டாற்றங்கரைக்குக் கிளீனரோடு போனது

தை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பினேன். வண்டி என்னுடைய குட்டியானை, சின்ன லோடு வண்டி. பக்கத்து இருக்கையில் கிளீனர். அது என் நாயின் பெயர். நான் ஊர் ஊராகச் சேலையும் நைட்டியும் ஏற்றிப் போய் விற்கிறவள். ஐந்து வருடத்துக்கு முன் பாலவனத்தத்தில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தபோது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த குட்டி, பிறகு இறங்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வருவான். அதனால் அந்தப் பெயர்.

இந்தப் பயணத்துக்கு மூன்று மாதம் திட்டம் போட்டேன். அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டின் முன்பாதி முழுக்கத் தறி. ஒரு நாளாவது சத்தமும் பேரமும் இல்லாத இடத்தில் தூங்கி எழ வேண்டும் என்பதுதான் ஆசை. சரக்கு அடுக்கும் இடத்தில் பலகைக் கட்டில் போட்டேன். மேலே இரும்பு வளைவு வைத்துத் தார்ப்பாய் கட்டினேன். தார்ப்பாய்க்கு மட்டும் ஆயிரத்து நானூறு ரூபாய். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஒற்றை அடுப்பு, அரிசி, கிளீனருக்குக் கருவாடு. இடத்தைப் போனில் தேடினேன். குண்டாறு ஓடும் வழியை விரலால் நகர்த்தி நகர்த்தி, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் வீடே இல்லாத ஒரு வளைவைக் கண்டுபிடித்தேன். பொம்பளை தனியாக ஆற்றங்கரையில் படுப்பதா என்று அண்ணன் கத்தினார். கிளீனர் இருக்கிறான் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ஏழேகாலுக்குத் திருச்சுழி. டீ பதினைந்து ரூபாய். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“தனியாவா போறீக?”

“நாய் இருக்குண்ணே. ஆத்தங்கரையில ஒரு ராத்திரி, அவ்வளவுதான்.”

“நாய் இருக்கு, சரி. அங்கன போன் எடுக்காது, பாத்துக்கங்க.”

திருச்சுழியிலிருந்து கிழக்கே ஆறு கிலோமீட்டர் தார் ரோடு. பிறகு இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தார்ப்பாயைக் கீறிக்கொண்டே வந்தது. பக்கத்து ஊரின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

ஆற்றில் முக்கால்வாசி மணல்தான். வளைவில் மட்டும், கார்த்திகையில் பெய்த மழை இரண்டு லாரி அகலத்துக்குத் தேங்கிக் கிடந்தது. முழங்கால் ஆழம். கிளீனர் நீந்திப் போய் எதிர்க்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து என்மேல் உதறினான். எட்டிலிருந்து பதினொரு மணி வரை யாரும் வரவில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மூன்று மாதம் திட்டம் போட்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குச் செம்மறி ஆடுகள் கரையிறங்கின. பின்னால் தொரட்டிக் கம்போடு ஒருவர், ஐம்பது வயதிருக்கும். பெயர் சோலையப்பன் என்று பிறகு சொன்னார். முதலில் சொன்னது வேறு.

“நாயக் கட்டிப் போடு தாயி.”

“ஆட்டத் தொட மாட்டாண்ணே. ஆளுகளுக்குள்ளயே வளந்தவன்.”

“தொடுறான், தொடல. கட்டிப் போடு.”

போன வாரம் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்ததாம். “பதினோரு குட்டி. ஒண்ணக்கூட முழுசாத் திங்கல. கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சுக,” என்றார். நான் கிளீனரை வண்டிச் சக்கரத்தில் கட்டினேன். அவர் கிட்டே வந்து முடிச்சைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். தனியாக வந்திருப்பதைப் பற்றித்தான் கேட்க நினைத்தார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு ஆடுகள் எதிர்க்கரையில் வெகுதூரம் போயிருந்தன. கிளீனர் முனகிக்கொண்டே இருந்தான். அவிழ்த்துவிட்டேன். இதை நான் எத்தனை முறை திருப்பி நினைத்தாலும் அவிழ்த்தது என் கைதான்.

பாத்திரம் கழுவினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கரை மேட்டிலிருந்து வாயை நக்கிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் இழுத்தது, வாயில் நுரை. பாம்பு என்று நினைத்து அலறினேன். எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அவனிடம் பேசுவதும் அதுதான். “பேட, பேட” என்று கத்தியது நினைவிருக்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். யாரிடம் சொன்னேனோ தெரியாது.

சோலையப்பன் தண்ணீருக்குள் விழுந்தடித்து ஓடி வந்தார். குனிந்து நாயின் வாயை மோந்து பார்த்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“கறியில மருந்து வச்சிருந்தேன் தாயி. பருத்திக்கு அடிக்கிறது. விடியக்காலம் வச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“கட்டிப் போடுன்னேன்ல.”

“மருந்துன்னு ஏன் சொல்லல?”

“வெளியாளுகிட்ட எப்பிடிச் சொல்ல? போலீசுல போயிச் சொல்லிட்டீகன்னா?”

தூக்கி வண்டியில் போட்டோம். சக்கரம் மணலில் புதைந்தது. அவர் கருவேலங்கிளையை வெட்டிப் போட்டார், என் கட்டில் பலகையைப் பிடுங்கி அடியில் செருகினார், முட்டிபோட்டுத் தள்ளினார். பன்னிரண்டு நிமிடம் போனது. பிறகு நாயை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தார் ரோட்டில் போன் எடுத்தது. அருப்புக்கோட்டையில் எனக்குத் தெரிந்த மாட்டு டாக்டர் அம்மா, மூச்சு இருந்தால் வேகமாகக் கொண்டு வா, ஊசி இருக்கிறது என்றார்கள்.

“மூச்சு இருக்காண்ணே?”

அவர் நாயின் விலாவில் காதை வைத்தார். திருச்சுழிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, “வண்டிய நிப்பாட்டு தாயி,” என்றார்.

மணி நாலு ஐம்பது. ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நான் அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து அவரை அடித்தேன். தோளில் இரண்டு அடி. அவர் நகரவில்லை. நாயின் தலை கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு அது தோன்றியது.

“எத்தன துண்டு வச்சீக?”

“ஆறு.”

“மிச்ச அஞ்சு?”

அவர் என்னைப் பார்த்தார். “அத எடுத்துட்டா எம் மிச்சக் குட்டிகள யாரு பாப்பா?”

“நாளைக்கு ஒரு பிள்ள எடுத்து வாயில வச்சா யாரு பாப்பா?”

வண்டியைத் திருப்பினேன். கரையில் கிளீனரைப் புதைக்க அவரே குழி தோண்டினார், நரி தோண்டாதபடி இடுப்பளவுக்கு. பிறகு இருவருமாகக் கரை மேட்டில் தேடினோம். இருட்டுவதற்குள் நாலு கிடைத்தன. ஐந்தாவதை வைத்த இடத்தில் காணோம்.

“நீ கெளம்பு தாயி. காலையில நான் தேடிக்கிறேன்.”

நான் கிளம்பவில்லை. ஆள் இல்லாத ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று திட்டமிட்டது அப்படித்தான் நடந்தது. தூங்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு அந்தத் துண்டு கிடைத்தது, இருபது அடி தள்ளி, ஒரு கருவேல மூட்டில். மேலெல்லாம் எறும்பு; எறும்பும் செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மைனா. ஐந்தையும் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு அவர் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“அடுத்த வாரமும் அந்த நாய்க வரும் தாயி. நான் என்ன செய்ய?”

பட்டிக்கு நல்ல முள்வேலி போடுங்கள் என்றேன். கடிபட்ட பட்டிக்கு ஏற்கெனவே முள்வேலி இருந்தது என்றார். எட்டு மணிக்குக் கிளம்பினேன். ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். மொத்தம் அறுபது கிலோமீட்டருக்கும் கீழே.

நாயோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டாம். முதலில் பார்க்கிற ஆட்டுக்காரரிடம் மருந்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அந்த மனுஷனைத் திட்டுகிறார்கள். நானும் திட்டுவேன் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். போன வருடம் எங்கள் தெருவில் ஒரே காலையில் நாலு நாய்கள் செத்துக் கிடந்தன. குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. “மருந்து வச்சது நான்தான்” என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நானும் யாரையும் கேட்கவில்லை. வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, சேலைகளை ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டேன்.