சுவர்ணமுகி மணலில் எடுத்த முடிவு

போன டிசம்பரில் காளஹஸ்திக்குப் போனது சாமி கும்பிட அல்ல. நானும் சாமுவேலும் இரண்டு வருடமாகச் செய்த வீடியோ கேமை எப்படி விற்பது என்று முடிவெடுக்கத்தான்.

சாமுவேல் சித்தூர்க்காரன். படமும் ஒலியும் அவன், புரோகிராம் நான். பனிமூட்டத்தில் ஒருத்தி காளஹஸ்தியின் சுவர்ணமுகி ஆற்றைக் கடக்கிறாள், அவ்வளவுதான் கேம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கலே அதுதான். மாதச் சந்தா கட்டியவர்களுக்கு எல்லா கேமையும் திறந்துவிடும் நிறுவனம் ஒன்று எங்களுக்கு இரண்டு வழி சொன்னது: ஒரு வருடத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, அல்லது ஆடுகிறவர்கள் செலவிடும் நேரத்துக்கேற்ப சந்தாவில் பங்கு. மொத்தத் தொகை எங்கள் செலவில் பாதிக்குத்தான் காணும். பங்கு நன்றாக வந்தால் சாமுவேல் ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அவனுக்கு ஜெர்மனியில் கிடைத்திருந்த வேலைக்குப் போகவேண்டும்.

சென்னை மாதவரத்திலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம், சுமார் 115 கிலோமீட்டர். இரவு தங்கிவிட்டு, விடியலில் இருவரும் ஆற்றில் இறங்கினோம். கணுக்காலளவு தண்ணீர். பனியில் எதிர்க்கரை தெரியவில்லை. கோயில் மணி எங்கிருந்தோ மிதந்து வந்தது. நாங்கள் செய்த கேமுக்குள்ளேயே நடப்பதுபோல இருந்தது.

"ஆத்துல காசு பொறுக்கற மாதிரி வச்சா பத்து மணி நேரம் ஆடுவாங்க" என்றேன்.

"ஆடுவாங்கக்கா. ஆனா குனிஞ்சிகினே போவாங்க. ஆத்த எவன் பார்ப்பான்?"

"அப்போ ஜெர்மனி?"

காலால் தண்ணீரை அளைந்துகொண்டே சொன்னான்: "போய்ட்டு வரேன், இன்னா இப்போ? இந்த கேம மட்டும் இழுக்க வேணாம்."

மொத்தத் தொகைக்கே கையெழுத்துப் போட்டோம். பிப்ரவரியில் அவன் விமானம் ஏறினான்.

அங்கே போக விரும்புகிறவர்களுக்கு: மழை முடிந்த டிசம்பரே நல்லது, கோடையில் வெறும் மணல்தான். கேம் செய்கிறவர்களுக்கு: எதற்குப் பணம் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நேரத்துக்குத் தந்தால், நம்மை அறியாமல் நேரத்தைத்தான் செய்ய ஆரம்பிப்போம்.

சென்ற வாரம் சாமுவேல் பேசினான். உடன் தங்கியிருக்கும் போலந்துக்காரன் எங்கள் கேமைப் போட்டுவிட்டு, ஒரு பட்டனும் அமுக்காமல் நடு ஆற்றிலேயே நிற்கிறானாம்.

"மூணு மணி நேரமா தண்ணி சத்தம் கேட்டுகினு கீறான்கா" என்று சிரித்தான். "நேரக் கணக்குல போட்டிருந்தா இவன் ஒருத்தனே போதும்!"

பிறகு போனை அந்த கேம் பக்கம் நீட்டினான். நான் வைக்கவில்லை. போனில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.