எழுத்துப் போட்ட போர்வை

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் தர்மம் செய்ய ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. தேடிப் பிடித்தாலும் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் ஒரு அறக்கட்டளையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். வீட்டில் தெலுங்கு பேசுவோம். அந்த அறக்கட்டளைக்கு என்னிடம் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேன் கிளம்பும். தலைவர் ஒரு மில் முதலாளி. காந்திபுரத்தில் கடையடைத்த வாசல்களில் படுப்பவர்கள் முன்னால் போய் நின்று, "ஏனுங்க, சாப்பிட்டீங்களா? ஒடம்புக்குச் சொகந்தானுங்களே?" என்பார். அதை நான் தெலுங்கில் சொல்ல வேண்டும். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒரு நாளாவது குனிந்தோ உட்கார்ந்தோ அவர் பேசி நான் பார்த்ததில்லை.

பம்புசெட் கடை ஒன்றின் வாசலில் ஒரு அம்மா படுத்திருப்பார். சித்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். வேலை முடிந்ததும் மேஸ்திரி சொல்லாமல் போய்விட்டான். இவர் பக்கத்து மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்துவிட்டார். சேரும்போது மெஸ்காரர் கேட்ட ஒரே கேள்வி, "ஊடு எங்கீங்க?" ரோட்டில் படுப்பவர்களை அவர் வேலைக்கு வைக்க மாட்டார். அவர்கள் கை பட்ட தட்டில் யார் சாப்பிடுவார்கள் என்பார். இந்த அம்மா, கணபதியில் அக்காள் வீடு என்று சொல்லிவிட்டார். கணபதி என்ற பேரே நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அக்காள் கிடையாது.

வாசலில் எதையும் வைத்துவிட்டுப் போக முடியாது. திருடன் எடுக்காததைக் கார்ப்பரேஷன் லாரி அள்ளிக்கொண்டு போகும். அதனால் தன் உடைமை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, தினமும் மெஸ்ஸுக்கே தூக்கிப் போய் கிரைண்டருக்குப் பின்னால் வைத்துவிடுவார்.

அந்த மார்கழியில் சென்னிமலையிலிருந்து போர்வை வந்தது. நல்ல போர்வை. ஓரத்தில் எழுத்து நெய்திருந்தார்கள். 'வீடற்ற ஏழைக்கு அன்பளிப்பு' என்று தமிழில் ஒரு வரி. அதையே இங்கிலீஷில் ஒரு வரி. கீழே அறக்கட்டளையின் பேர். இரண்டு மொழியில் இருப்பதில் தலைவருக்கு ஏகப் பெருமை. அந்த அம்மாவுக்கு இரண்டும் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு அன்னா?" என்று தெலுங்கில் கேட்டார்.

சொன்னேன்.

போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துப் பார்த்தார். "இது என் பையில் இருந்தால் மெஸ்காரர் பார்ப்பாரே?"

பார்ப்பார். பார்த்த உடனே தெரிந்துகொள்வார். இந்தப் போர்வைக்குப் பணம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஒன்றைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தார்.

"போர்வை இல்லாவிட்டால் குளிர் கொல்லும். இருந்தால் வேலை போய்ப் பசி கொல்லும். உங்க தலைவரையே கேளு, எதை விடட்டும்?"

அதை நான் தமிழில் சொல்லவில்லை. "என்னங்கறாங்க தம்பி?" என்றார் தலைவர். "சந்தோசம்ங்கறாங்க" என்றேன். மறுநாள் பட்டறையிலிருந்து கத்தரி கொண்டுபோய் எழுத்து இருந்த ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் வெட்டித் தரச் சொன்னார்கள். எழுத்துப் போட்ட போர்வையோடு டீக்கடை பெஞ்சில்கூட உட்கார விடுவதில்லையாம்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் பெரிய துக்கம். பேரை வெட்டிப்போட்டார்கள், நன்றி இல்லை என்றார்கள். "பேரே இல்லாம வெறும் போர்வையாக் குடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன். யாரோ சிரித்தார். அடுத்த மார்கழிக்கு எழுத்து நடுவில் வந்தது. திருப்பூரில் பனியனுக்கு அடிக்கிற பெயிண்டில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் செக்கச்செவேலென்று. "இப்ப வெட்டட்டும் பாக்கலாம்" என்றார் தலைவர்.

அந்த அம்மா போர்வையை விரித்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பெயிண்ட் ஒரு பக்கம்தான். "எங்க அக்காளுக்கும் ஒண்ணு வேணும்" என்றார்.

"எந்த அக்காள்?"

"கணபதி அக்காள். அவளுக்கும் குளிராதா?"

வேனிலிருந்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். எழுத்து இரண்டும் உள்ளே போகும்படி வைத்து, நாலு ஓரமும் தைத்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில், சுற்று முடிந்து மெஸ்ஸில் டிபன் சாப்பிட்டோம். அந்த அம்மா கழுவிய தட்டில்தான். தலைவர் கை கழுவப் பின்பக்கம் போனார், நானும் கூடப் போனேன். அந்த அம்மா அங்கேதான் கழுவிக்கொண்டிருந்தார்; வாசலில் நின்றபடியே பார்த்த முகம் தலைவருக்கு அடையாளம் தெரியவில்லை. கிரைண்டருக்குப் பின்னாலிருந்த பையில் போர்வை பாதி வெளியே கிடந்தது. தலைவர் அதைத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். "ஏனுங்கம்மணி, இத்தன கனமா இருக்குதே. ஏதுங்க இது?"

"அக்கா குடுத்துச்சுங்க" என்றார் அந்த அம்மா. இரண்டு வருஷம் பாத்திரம் கழுவியதில் அந்த அளவுக்குத் தமிழ், தெலுங்கு வாடையோடு வந்திருந்தது.

ஓரத்தில் தையல் நாலு விரல் அளவுக்குப் பிரிந்திருந்தது. உள்ளே சிவப்பு தெரிந்தது. மெஸ்காரர் கல்லாவிலிருந்து எழுந்து எங்களிடம் வந்துகொண்டிருந்தார்.

"அக்கா எங்க வாங்குனாங்கன்னு தெலுங்குல கேளுங்க தம்பி" என்றார் தலைவர்.

நான் தெலுங்கில் கேட்டேன். "தையல் விட்டிருக்கு. எழுத்து தெரியுது. மெஸ்காரர் வர்றார்."

அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நூல் தீர்ந்துபோச்சு அன்னா. நாளைக்கு வாங்கணும்" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே போர்வையை மடித்துப் பைக்குள் திணித்து, மேலே ஈயச்சட்டியைக் கவிழ்த்தார்.

"என்னங்கறாங்க?"

"சென்னிமலையில வாங்குனதுங்களாம்" என்றேன். அது பொய்யில்லை.

தலைவர் பக்கத்தில் வந்து நின்ற மெஸ்காரரைப் பார்த்தார். "பாருங்க. சொந்தபந்தம் இருக்கறவங்க வெச்சிருக்கற போர்வைய. நாமளும் அதே சென்னிமலையிலதானுங்க எடுக்கறோம். நமக்கு மட்டும் மெலிசாக் குடுத்து ஏமாத்திப்போட்டானுங்க."