பரோமீட்டரைத் திருத்தியவன்

இறங்கிய பரோமீட்டரைத் திருகாணியால் ஏற்றிவைத்த மடையன் நான்தான். காற்றழுத்தம் காட்டும் அந்தக் கருவியைக் கொட்டாஞ்சேனையில் ஏலத்தில் எடுத்திருந்தேன். மைத்துனர் கப்பலேறும் நாள் காலை அதன் முள் 'நல்ல வானிலை'யை விட்டு இறங்கிக்கொண்டே போனது. ஏலத்துப் பொருள்தானே, பழுது என்று முடிவுகட்டி, பின்புறத் திருகாணியைத் திருகி முள்ளைப் பழைய இடத்திலேயே நிறுத்தினேன். பத்திரிகை அறிக்கை பலத்த காற்று வீசும் என்றது, சிரித்தேன்.

கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பல்வரை போய் அவரை வழியனுப்ப, மனைவியோடும் மகளோடும் கொச்சிக்கடையில் வள்ளம் பிடித்தேன். துறைமுகத்தின் நடுவே வானம் கறுத்தது, காற்று அறைந்தது, வள்ளம் சரிந்து தண்ணீர் ஏறியது.

"பிள்ளையைப் பிடியுங்கோ!" என்று மனைவி அலறினாள். மகளின் சட்டையைப் பற்றிய என் விரல்கள் மரத்துப்போயின. ஒரு நீராவிப் படகு கயிறு வீசியிராவிட்டால் இதை எழுத ஆளில்லை.

வானிலை அலுவலக நண்பர் பிறகு சொன்னார்: "பல ஊரிலயிருந்து தந்தியில வாற அழுத்தத்தையும் காத்தையும் படத்தில குறிச்சுத்தான் நாங்கள் சொல்லுறம். முள் எங்க நிக்குதெண்டில்லை, இறங்குதோ எண்டு பாரும்."

இப்போது பத்திரிகை அறிக்கையைப் படிக்காமல் கடல் பக்கம் போவதில்லை, திருகாணியைத் தொடுவதுமில்லை.

இதையெல்லாம் வள்ளக்காரரிடம் விளக்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "மேகத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியுங்க. ஐயா படிச்சவரு, தெரியாமலா ஏறுவாருன்னு நெனச்சேன்."