தொட்டிலுக்கு மேலே ஒரு ஓட்டை

பச்சை ஏலக்காய் சூட்டில் வேர்க்கும்போது வரும் வாசனை, கடையில் பொட்டலமாக வாங்கும் காயின் வாசனை அல்ல. ஈரப் புல்லையும் கற்பூரத்தையும் சேர்த்து வேகவைத்தது போல் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். யுத்த காலத்தில், போடிக்கு மேலே மலையில், ஒன்பது வயதுச் சிறுமியாக நான் அந்த வாசனைக்குள் குடியிருந்தேன். அடைபட்டிருந்தேன் என்பதுதான் சரி. ஐப்பசி பிறந்துவிட்டால் மழை விடாது, அட்டைக்குப் பயந்து முற்றத்தில்கூடக் கால் வைக்க முடியாது, கீழே போகும் ஒரே பாதை எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது.

என் அய்யா அங்கே ஏலக்காய் உலர்த்தும் 'ஸ்டோரு'க்குச் சூளைக்காரர். வெளியே விறகு எரியும் சூளை. அதிலிருந்து பருத்த இரும்புக் குழாய்கள் உள்ளறையின் தரையைச் சுற்றி வந்து வெளியே மேலேறிப் போகும். புகை குழாய்க்குள்ளேயே போய்விட வேண்டும், காய்க்குச் சூடு மட்டும்தான் சேர வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் காயில் கரி வாடை ஏறிவிடும், போடி வியாபாரி மோந்து பார்த்துத் தள்ளிவிடுவார். அதனால் எட்டு நாளைக்கு ஒரு தரம் அய்யா தீயை அவித்து, நீண்ட மூங்கிலில் ஈரச் சாக்கைக் கட்டிக் குழாய்க்குள் விட்டு இழுத்துக் கரியெடுப்பார். இணைப்புகளில் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவார். பிறகு விளக்கை ஒவ்வோர் இணைப்பருகிலும் காட்டி, சுடர் ஆடுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். "பொகைக்குப் போக வழி விடணும். நாம விடலன்னா அது நம்ம மூக்குக்குள்ள வழி தேடும்" என்று நாளைக்கு நாலு தரம் சொல்வார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் வீட்டுக் குழாயை மட்டும் தொடவே இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. அதில் தார் டிரம்மை வெட்டிச் செய்த ஒரு 'டிரம் அடுப்பு'. யுத்தத்தில் புதுக் குழாய் கிடைக்காமல், ஸ்டோரில் கழித்துப்போட்ட பழைய குழாயையே அதற்கு மாட்டியிருந்தார். வயிற்றுப் பிள்ளையோடு இருந்த அம்மா, "அடுப்பு எதுத்துக்கிட்டுப் பொகையுது, ஒரு தரம் பாக்கக் கூடாதா?" என்று கேட்கும்போதெல்லாம், "இந்தக் காய் எறங்கட்டும்" என்பார். காய் இறங்கும், அடுத்த காய் ஏறும். அவர் செய்த ஒரே காரியம், இறவாரத்தை ஒட்டிச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டதுதான். "இதுல மட்டும் ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று சொல்லியிருந்தார்.

எனக்குத் தம்பி பிறந்தான். பிரசவம் பார்க்க வீரபாண்டியிலிருந்து அய்யாவின் தங்கை, என் அத்தை, மலையேறி வந்திருந்தாள். அவள் வந்த மூன்றாம் நாள் பாதை சரிந்தது. "பச்ச ஒடம்புக்காரி, காத்துப் பட்டா சன்னி கண்டுரும்" என்று அத்தை சன்னல் பலகையைச் சாத்தி, கதவின் அடியில் சாக்கைச் செருகி, அடுப்பில் கரியை அள்ளிக் கொட்டினாள். குழந்தைக்குப் பதினோரு நாள். அந்த அறையில் நாங்கள் நாலு பேர், ஓர் அடுப்பு, வெளியே ஓயாத மழை.

அன்று மத்தியானம் காற்று திசை மாறி, ஓட்டை வழியாகச் சாரல் தொட்டிலுக்குள் அடித்தது. தம்பியின் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. அவன் முகத்தைச் சுளித்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. ஏலக்காய்ப் பெட்டியின் மேல் ஏறி, ஒரு கோணித் துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். மருந்து இடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்தா, அண்ணன் வைவாக. எடுத்துரு."

"சாரல் விடவும் எடுத்துர்றேன் அத்தை."

அவளும் விட்டுவிட்டாள். மாதக்கணக்கில் நடுங்கிய உடம்புக்கு அந்தச் சூடு அவ்வளவு சுகமாக இருந்தது. அம்மா தூங்கினாள். அத்தை உலக்கையைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தாள். எனக்கு நெற்றியைக் கயிற்றால் இறுக்கியது போல் வலித்தது. எழுந்து அந்தக் கோணியை இழுத்துவிட்டால் போதும் என்று புத்திக்குத் தெரிகிறது, கால் மடங்கி மடங்கி விழுகிறது. கதவு நாலு முழத்தில்தான் இருந்தது.

சூளைக்காரர்கள் வெளியே வந்தால் முதலில் புகையைத்தான் பார்ப்பார்கள். ஸ்டோர்ப் புகை நேராகப் போவதைப் பார்த்த அய்யாவின் கண் பழக்கத்தில் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே குழாயில் புகையே இல்லை. கதவை உதைத்துத் திறந்து எங்களை ஒவ்வொருவராக மழையில் இழுத்துப் போட்டார். அம்மா வாந்தியெடுத்தாள். நான் அழுதேன். தம்பி அழவில்லை.

உள்ளே போய் ஓட்டையைப் பார்த்துவிட்டு வந்த அய்யா, "எவ அடைச்சது?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து, "நாந்தாண்ணே" என்றாள்.

அன்று சாயங்காலமே அய்யா சூளைக்குத் திரும்பிப் போனார். உள்ளே பச்சைக் காய் கிடந்தது, தீ அவிந்தால் அத்தனையும் அழுகிவிடும். அதை நான் இன்றுவரை முழுதாக மன்னிக்கவில்லை. மறுநாள் வீட்டுக் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு முறம் நிறையக் கரி கொட்டியது. அவர் அதன் பக்கத்திலேயே வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பாதை திறக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும், அணைந்த அடுப்பைச் சுற்றி, அதே அறையில்தான் கிடந்தோம். அம்மா அத்தையிடம் ஒரு சொல் பேசவில்லை. அத்தை கீழே இறங்கிப் போனவள் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அவள் சாவுக்கும் அம்மா போகவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை, வீடிருந்த இடத்தில் லாரிப் பாதை போகிறது. காயை உலர்த்த வேறு இயந்திரங்கள் வந்துவிட்டன. அய்யாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். நான் குளிர் தேசம் ஒன்றில் மகன் வீட்டில் இருக்கிறேன். கீழ்த்தளத்தில் கேஸில் எரியும் சூளை ஒன்று வீடு முழுக்கச் சூடு அனுப்புகிறது. குளிர் தொடங்குமுன் மெக்கானிக் ஒருவர் வந்து, வடிகட்டியை மாற்றி, சுடர் நீலமாக எரிகிறதா என்று குனிந்து பார்த்து, புகைக்குழாயைத் தட்டிப் பார்த்து, சுவரிலிருக்கும் விஷவாயு எச்சரிக்கைப் பெட்டியை அழுத்திக் கத்தவிட்டுப் போவார். அவர் சுடரைப் பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

போன வாரம் வந்தவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, வீட்டுல காத்து போற ஓட்டை எதையாச்சும் அடைச்சு வச்சிருக்கீங்களான்னு கேக்குறாரு" என்றான் மகன். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

"ஆமா," என்றேன். "நாந்தான் அடைச்சேன்."