கீரைப் பாத்தியும் பக்கத்து வீட்டுப் பூனைகளும்

பழவேற்காட்டில் ஏரிக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு மண்ணில் உப்பு என்று குறைப்பட்டு என்ன பயன்? கீரை போடும் ஆசை விடவில்லை. காட்டூரில் பயிர் வைக்கும் என் அண்ணனிடம் சொல்லி, குட்டியானை வண்டியில் செம்மண் வரவழைத்தேன். பின்பக்கம் வேலியோரமாகப் பாத்தி கட்டி, எரு கலந்து, அரைக்கீரை விதை தூவினேன். மண் மாவு மாதிரி இருந்தது.

மறுநாளே அதில் பூனை வெளிக்குப் போயிருந்தது. குழி பறித்து, போய், மூடிவிட்டு.

பூனைகள் பக்கத்து வீட்டுக்காரியுடையவை. அவள் என்னைவிடச் சின்னவள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவள். அவள் கணவன் நண்டு வலைக்குப் போகிறவன். வலைகளை எலி கடித்துவிடும் என்று பூனைகளை வைத்திருந்தார்கள். விற்காத பொடி மீனெல்லாம் அவற்றுக்குத்தான்.

நான் பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கடையில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆரஞ்சுத் தோல் போட்டேன். அது காய்ந்து சுருண்டதுதான் மிச்சம். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து பாட்டிலில் ஊற்றி வைத்தேன். ஒரு வெள்ளைப் பூனை அந்த பாட்டிலில் முதுகைத் தேய்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. கடைசியில் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னாக்கா அது?"

"மொளகாத்தூள். உன் பூனைங்க பண்ற அநியாயத்த வந்து பாரு. இதுல வெளையற கீரைய மனுசன் துன்ன முடியுமா?"

"கண்ணுல பட்டா இன்னா ஆவறதுக்கா?"

"அப்ப நீயே சொல்லு, நான் இன்னா பண்ண?"

சண்டைக்கு வருவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து பாத்தியைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "டப்பாவ உள்ள வைக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் பாத்தி சுத்தமாக இருந்தது. தினமும் குளிக்கப் போகும்போது எட்டிப் பார்ப்பேன். மண் சமமாக, கை வைத்துத் தடவிவிட்ட மாதிரி இருக்கும். என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்: "நாலு வார்த்த கத்துனேன், பூனைக்கே பயம் வந்துடுச்சி."

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், வாசல் தெளிக்க வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தேன். பின்பக்கம் தண்ணீர் எடுக்கப் போனால், பாத்தியில் யாரோ குந்தியிருந்தார்கள். அவள்தான். ஏரிக்குப் போக முந்தானையை இழுத்துச் செருகி, பறியைத் தோளில் மாட்டியிருந்தாள். கையில் கொட்டாங்குச்சி. பூனை போனதைச் சுரண்டி எடுத்துப் பழைய வாளியில் போட்டுவிட்டு, முளைத்திருந்த கீரைக்கு அடிபடாமல் விரலால் மண்ணை நிரவிக்கொண்டிருந்தாள்.

"தெனமும் இத நீயா பண்ணிக்கினு இருந்த?"

திடுக்கிட்டு எழுந்தாள். "சோறு போடறது நானு. அப்ப இதுவும் என்னுதுதானக்கா" என்றாள்.

குளிர்ந்த தண்ணீரில் பொழுதெல்லாம் குந்தப் போகிறவள். அதற்கு முன்னால் இந்த வேலை. யாரிடமும் சொல்லிக்காட்டவும் இல்லை. நானாக இருந்தால், 'பூனைக்கு வேலி தெரியுமா' என்று ஒரு பாட்டம் கத்தியிருப்பேன்.

"இனிமே நீ இதத் தொடக் கூடாது" என்றேன்.

"அப்ப அதுங்களுக்கு வேற எடம் பண்ணணும்."

அன்று அவள் ஏரியிலிருந்து திரும்பியதும், அவள் வீட்டுப் பூவரச மர நிழலில் கரை மணலை இருவரும் அன்னக்கூடையில் கொண்டுவந்து கொட்டினோம். அவள் கணவன் பழைய நண்டு வலை ஒன்றைக் கொடுத்தான். பாத்தியின் மேல் விரித்துப் போட்டேன். "இப்டி லூசா வுட்டா காலு மாட்டிக்கும்" என்று அவள் சுற்றிலும் முளைக்குச்சி அடித்து, விரலால் தட்டினால் அதிரும்படி இழுத்துக் கட்டினாள்.

மற்றப் பூனைகள் சீக்கிரமே மணலுக்குப் பழகிவிட்டன. காது கிழிந்த கிழட்டுக் கடுவன் பூனை ஒன்று மட்டும் வலையோரத்திலேயே சுற்றி வரும். அதை அவள் பள்ளிக்கூடம் போக அழுகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மணலில் விடுவாள். அது இறங்கி ஓடிவரும். மறுபடி தூக்குவாள். ஒருநாளும் அதை அவள் அடித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அதுவும் பணிந்தது.

கீரை மளமளவென்று வந்தது. முதல் அறுப்பில் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கணவன், "துன்னலாமா இத?" என்று சிரித்தான். அவள் ஒரே முறைப்பில் அவன் வாயை அடைத்துவிட்டு, அன்றைக்கே இறால் போட்டுக் கடைந்தாள். ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அரைக்கீரையில் இறால் போடலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் கணவர் கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.