‘ஆனா’வோடு நின்றுபோன அழைப்பு

மருத்துவமனைகளுக்கு வீடியோ அழைப்பில் மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. டாக்டர் ஆங்கிலத்தில் பேசுவார், நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நடுவில் திரையில் நான் இருப்பேன். சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் வீட்டின் கடைசி அறைதான் என் அலுவலகம். நோயாளியின் விஷயம் வேறு யார் காதிலும் விழக்கூடாது என்பதால், அழைப்பு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அந்த அறைக்கும் ஹாலுக்கும் நடுவே பாம் ஷெல்டர் இருக்கிறது, குண்டு விழுந்தால் ஒதுங்குவதற்காக இங்கே வீட்டுக்குள்ளேயே கட்டும் சின்ன அறை. அதன் கனத்த கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை ஒழுங்காக வராது. அதனால் என் கணவர் மெஷ் வைஃபை வாங்கி, ஒரு பெட்டியை ஹாலில் டிவிக்குப் பக்கத்திலும் இன்னொன்றை என் மேசையிலும் வைத்து, இரண்டையும் நீளமான கேபிளால் இணைத்திருந்தார். கேபிள் சரியாக இருந்தால் என் பெட்டியில் வெள்ளை விளக்கு எரியும். ஆரஞ்சு எரிந்தால், கேபிள் இணைப்பு போய், சுவர் வழியே கசியும் அரைகுறை சிக்னலை வைத்துக்கொண்டு பெட்டி தடுமாறுகிறது என்று அர்த்தம்.

கொஞ்ச நாளாகவே அது அவ்வப்போது ஆரஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தது. நான் புகார் சொல்லி அவர் வந்து பார்க்கும்போதெல்லாம் வெள்ளையாக எரியும். “நல்லாத்தானே இருக்கு லா” என்று போய்விடுவார்.

ஒரு நாள் காலை, கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்காக அழைத்தார்கள். அவர் யார், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இரும்புத் தகட்டுக்கு அடியில் கை மாட்டி நசுங்கியிருந்தது. டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார்: ஒரு விரலின் நுனியை எடுக்க வேண்டும், ஆனால் கைக்கு ஒன்றும் ஆகாது, பழையபடி வேலைக்குப் போகலாம். நான் தொடங்கினேன்.

“விரலை எடுக்கணும்னு சொல்றாரு, நுனியை மட்டும். ஆனா...”

திரை உறைந்தது. வாய் லேசாகத் திறந்தபடி நோயாளியின் முகம் அப்படியே நின்றது. பெட்டியில் ஆரஞ்சு விளக்கு.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். மாறவில்லை. கைப்பேசியின் இணைப்புக்கு மாறலாம் என்றால், அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தேன். அந்த மனிதருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

மறுபடி இணைந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. வெளியே போய் ஊருக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார் என்றார் நர்ஸ். அழைத்துவந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன. நான் மன்னிப்புக் கேட்டு, மீதியைச் சொன்னேன். அவர் திரையையே பார்த்தார்.

“நெசமாவே டாக்டர் சொன்னாரா அக்கா? இல்ல, நான் அழுவுறேன்னு நீங்களா சேத்து சொல்றீங்களா?”

நானாக எதையும் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை. சமாதானம்கூடச் சொல்லக்கூடாது. அவர் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொன்னேன்.  டாக்டர் தன் விரலையே நீட்டி, எந்த இடம் வரை எடுப்போம் என்று காட்டி, மெதுவாக விளக்கினார். துண்டு துண்டாக நான் தமிழில் சொன்னேன். அவர் டாக்டரின் விரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நம்பித்தான் ஆட்டினாரா, வேறு வழியில்லாமலா, எனக்குத் தெரியவில்லை.

 மறுநாளைக்கு இன்னொரு நோயாளியின் அழைப்பு இருந்தது. சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன்: “இன்னைக்கு இத சரி பண்ணியே ஆகணும்.”

என் குரலைக் கேட்டு அவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பெட்டியை ஹாலுக்குக் கொண்டுபோய், சின்னக் கேபிளால் அங்கிருந்த பெட்டியோடு இணைத்தார். வெள்ளை. பெட்டியில் கோளாறு இல்லை. பழைய கேபிளை வேறு துளையில் சொருகி, பெட்டியை என் மேசைக்குத் திருப்பினார். அதுவும் வெள்ளை. என் லேப்டாப்பில் ஏதோ ஒரு வீடியோவை ஓடவிட்டு இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கெட்டுப்போ, கெட்டுப்போ என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“லைன்ல பிரச்சின இருந்திருக்கும்” என்றார் அவர்.

“லைன்ல பிரச்சினைன்னா ஹால்ல டிவி ஏன் நிக்கல?”

அவர் ஹாலுக்குப் போய் இணையக் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். காத்திருக்கச் சொல்லும் இசை வீடெல்லாம் அலறியது. தாங்க முடியாமல் கதவைச் சாத்தினேன்.

ஆரஞ்சு.

கதவைத் திறந்தேன். சற்று நேரத்தில் வெள்ளை. சாத்தினேன். ஆரஞ்சு.

“என்னங்க, இங்க வாங்க! கதவப் பாருங்க!”

அவர் மண்டியிட்டுக் கீலுக்கு அடியில் பார்த்தார். கேபிள் கீல் பக்கத்து இடுக்கு வழியாகத்தான் அறைக்குள் வந்தது. கதவைச் சாத்தும்போதெல்லாம் அது அங்கே நசுங்கியிருக்கிறது. மேல்தோல் வெளிறிப்போயிருந்தது, உள்ளே கம்பி அறுந்திருக்க வேண்டும். அவர் சோதித்தபோதெல்லாம் கதவு திறந்திருந்தது. நான் வேலை செய்தபோதெல்லாம் மூடியிருந்தது.

“சாரிம்மா. நான்தான் இப்படி இழுத்தேன்.”

கோபப்பட்டிருக்கலாம். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதியில் நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தெரிந்த கடை திறந்திருந்தது. தட்டையான கேபிள் ஒன்றை வாங்கிவந்து, கதவுக்கு அடியில் நல்ல இடைவெளி இருந்த இடத்தில் விட்டு டேப் ஒட்டினோம். நான் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தேன். “போதும் லா, கதவு கழண்டுடும்” என்றார் அவர்.

மறுநாள் அழைப்பு ஒழுங்காக நடந்தது. ஆனாலும் நோயாளியின் முகத்தைவிட விளக்கைத்தான் அதிகம் பார்த்தேன். அழைப்பு முடிந்ததும், விளக்கு கண்ணில் படாதபடி பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கைப்பேசியின் இணைப்பையும் தயாராக வைத்துக்கொள்ளப் பழகினேன்.

பிறகு ஒரு நாள், கட்டுப் பிரித்துப் பார்க்கும் அழைப்பில், தற்செயலாக அதே மனிதர். நர்ஸ் கட்டைப் பிரித்திருந்தார், டாக்டர் இன்னும் வரவில்லை.

“அன்னைக்கு வந்த அக்காதானே?”

ஆமாம் என்றேன். கையைத் தூக்கிக் காட்டினார். ஒரு விரல் கொஞ்சம் குட்டையாக இருந்தது, அவ்வளவுதான்.

“அன்னைக்கு வெளிய போயி வீட்டுக்காரிகிட்ட கையே போச்சுன்னு சொல்லிட்டேன் அக்கா. அப்பறம் இல்லடின்னு எவ்வளவோ சொல்லியும் நம்ப மாட்டேங்குறா. இப்பவும் தினம் வீடியோல கையக் காட்டணும். மடக்கிக் காட்டு, நீட்டிக் காட்டுன்னு ஒரே தொந்தரவு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் டாக்டர் உள்ளே வந்து, அந்தக் கையை மெல்லப் பிடித்து, பேச ஆரம்பித்தார்.